வானிற் கரணமிடும் மாதிரி விமானம்



தைப்பொங்கலன்று பிற்பகலில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குச் சென்றவர்கள் அங்கே வானத்திற் கண்ட காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். கப்பலும் தேரும் பறவையும் விமானமுமாகப் பட்டங்கள் நூல் வழியே ஏறிச் செல்லும். ஆண்டுதோறும் நடைபெறும் அப்போட்டியிற் பங்குகொள்வோருட் பலர் எந்தத் தொழினுட்பக் கல்லூரியிலும் இக்கலையைக் கற்றவர்கள் அல்லர். மூங்கிலைச் சீவி, கட்டி, தாள் ஒட்டி, முச்சை பிடித்து, விண் கூவவைத்து, தந்தையும் மாமனும் செய்ததைப் பார்த்துப் பழகியவர்கள். பறக்கும் பொருளொன்றைத் தன் கையாற் செய்யும் வித்தை நமது குடாநாட்டிற்குப் புதியதன்று.

அத்தகைய மண்ணிற் பிறந்த பிள்ளைகள் இப்போது இன்னொரு பொருளின்மீது ஆசை கொண்டிருக்கிறார்கள். நூலின்றி, வானலையாற் கட்டுப்படுத்தப்படும் மாதிரி விமானமே அது. கைத்தொலைபேசித் திரையிலே அது தலைகீழாகப் பறப்பதையும், உருளுவதையும், வானில் வட்டமாகக் கரணமடிப்பதையும் பார்த்துவிட்டு, அதுபோல் ஒன்று வேண்டுமெனப் பெற்றோரிடம் கேட்கிறார்கள். பெற்றோரோ மூன்று வினாக்களை எழுப்புகிறார்கள். என்ன விலை? இதனாற் பயன் யாது? வாங்கிய மறுநாளே விழுந்து உடைந்தால் என் செய்வது? மூன்றும் நியாயமான வினாக்கள். இம்மூன்றுக்கும் விடை காண முயல்வதே எனது இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலிற் பயனைப் பற்றிச் சிறிது கூறுகின்றேன். பட்டம், வானொலி, விமானம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பொருள்கள் என்றே நாம் எண்ணுகிறோம். வரலாறோ இம்மூன்றும் ஒரே முற்றத்தில் விளையாடி வளர்ந்தவை என்று காட்டுகின்றது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த லோரன்ஸ் ஹார்கிரேவ் என்பார் 1893ஆம் ஆண்டிற் பெட்டிப் பட்டத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு அத்தகைய நான்கு பட்டங்களைப் பிணைத்து, தம்மையே நிலத்திலிருந்து சுமார் 16 அடி உயரத்துக்குத் தூக்கச் செய்தார். விமானத்தைக் கண்டறிந்த ரைட் சகோதரர் 1899ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்து பார்த்ததும் ஒரு பட்டமேயாகும். சிறகை முறுக்கினால் விமானத்தைச் சாய்க்கலாம் என்ற தமது கருத்தை, ஐந்தடி அகலமான அப்பட்டத்தைக் கொண்டே அவர்கள் சோதித்தனர். மார்க்கோனி 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த வானொலிச் சைகையை நியூபவுண்ட்லாந்திற் பெற்றபோது, அவரது வான்கம்பியை உயரே தாங்கி நின்றதும் பட்டந்தான். இன்று நீங்கள் இப்பேச்சைக் கேட்பதற்குக் காரணமான வானொலியும் பட்டத்துக்குக் கடன்பட்டதே என்றால் அது மிகையாகாது.

வானலையால் ஒரு பொருளைத் தூரத்திலிருந்து இயக்கும் எண்ணமும் அக்காலத்ததே. நிக்கொலா டெஸ்லா என்னும் அறிஞர் 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்தில் ஒரு சிறு படகை அவ்வாறு இயக்கிக் காட்டினார். அமெரிக்காவில் 1930களின் பிற்பகுதியில் வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர் வானலையாற் கட்டுப்படும் மாதிரி விமானமொன்றைச் செய்து பறக்கவிட்டனர். 1960ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தில் இத்தகைய விமானங்களின் கரணப் பறப்புக்கெனவே உலகப் போட்டி நடந்தது. ஆகவே நம் பிள்ளைகள் கேட்பது வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. பௌதிகமும் மின்னியலும் கைவினையும் ஒன்றாகச் சந்திக்கும் ஓர் ஆய்வுகூடம் அது. அந்த ஆய்வுகூடத்திற்குச் சிறகுகள் உண்டு என்பதொன்றே வேறுபாடு.

இன்னுமொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. 1980களிலும் 1990களிலும் இக்குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு விமான ஓசை என்றால் பதுங்குகுழியே நினைவுக்கு வரும். வானத்தை அண்ணாந்து பார்ப்பதே அச்சமாக இருந்த காலம் அது. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் எயர் சிலோன் தனது முதலாவது பயணத்தைத் தொடங்கியபோது, இரத்மலானையிற் புறப்பட்ட விமானம் காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குச் சென்றது. அப்பெருமை அக்காலத்தில் நமக்கு மறந்தே போயிற்று. பலாலி 2019ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இன்றைய பிள்ளை விமான ஓசை கேட்டால் வெளியே ஓடி வருகிறது. அதன் தாயோ இன்றும் ஒரு கணம் திடுக்கிடுகிறாள். வானத்தை அச்சமின்றிப் பார்க்கும் ஒரு தலைமுறை நமக்கு வாய்த்திருக்கிறது. அப்பார்வையை அறிவாக மாற்றிக்கொடுப்பது பெற்றோரும் ஆசிரியருமாகிய நமது கடமை அன்றோ?

இனி, கரணப் பறப்பு என்றால் யாது என்பதைக் காண்போம். 1913ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே பியோத்தர் நெஸ்தெரோவ் என்னும் ருஷ்ய விமானி, கீவ் நகரிலே தமது விமானத்தை மேனோக்கிச் செலுத்தி, தலைகீழாகத் திருப்பி, மீண்டும் நேராக்கி ஒரு முழு வட்டம் இட்டார். அதுவே உலகின் முதலாவது வான்கரணம் என்பர். வட்டமிடுதல், நீளவாட்டில் உருளுதல், தலைகீழாகப் பறத்தல், செங்குத்தாக ஏறி வேகங் குறையும் தறுவாயிற் பக்கமாகத் திரும்பி வந்த வழியே இறங்குதல் என்பன இக்கலையின் அரிச்சுவடி. ஏனைய வித்தைகள் யாவும் இவற்றைக் கூட்டிப் பெருக்கியனவே.

இவற்றைச் செய்ய விமானத்துக்கு நான்கு கட்டுப்பாடுகள் வேண்டும். வாலிற் கிடையாகவுள்ள மடல் மூக்கை மேலும் கீழும் ஆட்டும். வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான், நமது வள்ளத்துச் சுக்கானைப்போல் இடமும் வலமும் திருப்பும். சிறகுகளின் பின்னோரத்திலுள்ள மடல்கள் ஒன்று மேலெழ மற்றது கீழிறங்கி விமானத்தை உருட்டும். நான்காவது, மோட்டரின் வேகம். பொருளை வாங்கச் செல்பவர் முதலில் நினைவிற் கொள்ளவேண்டியது இதுவே. கடை அலமாரியில் வண்ணப் பெட்டியில் விற்கப்படும் மலிவான சில விமானங்களுக்குச் சிறகு மடல் இல்லை. இரண்டு சிறு மோட்டர்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அவை திரும்புகின்றன. பெட்டியின்மேல் தலைகீழ்ப் படம் அச்சிட்டிருப்பினும், அவ்விமானத்தை உங்கள் விருப்பப்படி உருட்ட இயலாது. விலை குறைவுதான், ஆயினும் வேண்டிய வேலைக்கு உதவாத பொருளுக்குக் கொடுத்த பணம் முழுவதும் வீண்செலவே. சிறகிலே அசையும் மடல் உண்டா என்று முதலிற் பாருங்கள். அதன் பின்னர் விலையைக் கேளுங்கள்.

அடுத்து, விமானத்தின் குணத்தை அறிதல் வேண்டும். பயிலுநருக்கான விமானமும் கரண விமானமும் ஒரே குணத்தன அல்ல. பயிலும் விமானத்திற்குச் சிறகு உடலின்மேல் அமைந்திருக்கும். இரு சிறகுகளும் நுனியிற் சற்று மேனோக்கி நிற்கும். கையை எடுத்துவிட்டால் அது தானாகவே நிமிர்ந்துகொள்ளும். கரண விமானத்துக்குச் சிறகு உடலின் நடுவிலோ தாழ்வாகவோ, நேர்கோடாக இருக்கும். அதனை எந்த நிலையில் விட்டீர்களோ அந்த நிலையிலேயே நிற்கும். சாய்த்துவிட்டாற் சாய்ந்தபடியே போகும். மூன்று சில்லுச் சைக்கிளுக்கும் இரு சில்லுச் சைக்கிளுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. தானே நிமிரும் இயல்பு தொடக்கத்திற் பாதுகாப்பு. கரணத்துக்கு அதுவே தடை. தலைகீழாகப் பறக்க விரும்புபவனை அது மீண்டும் மீண்டும் நேராக்க முனையும்.

இன்னொரு வேறுபாடு சிறகின் குறுக்குவெட்டில் உள்ளது. பயிலும் விமானத்தின் சிறகு மேலே வளைந்தும் கீழே தட்டையாகவும் இருப்பது வழக்கம். கரண விமானத்தின் சிறகோ மேலும் கீழும் ஒரே அளவாக வளைந்திருக்கும். ஆகவே நேராகப் பறந்தாலும் தலைகீழாகப் பறந்தாலும் காற்றுக்கு அது ஒன்றே. இங்கேதான் ஏழை மாணவனுக்கு இயற்கை ஒரு சலுகை வைத்திருக்கிறது. வளைவே இல்லாத தட்டையான தகடும் மேலும் கீழும் ஒரே தன்மையதுதானே? ஆகையால் மெல்லிய நுரைத்தகட்டை வெட்டி, உடலையும் சிறகையும் தட்டையாகவே அமைத்துக் குறுக்காகப் பொருத்தினால், மிக எளிய கரண விமானம் ஒன்று கிடைத்துவிடும். பாரம் மிகக் குறைவாதலால் தட்டைச் சிறகின் குறைபாடு பெரிதாகத் தோன்றாது. மெதுவாகப் பறக்கும், சிறிய இடத்திலே திரும்பும், விழுந்தாலும் வேகங் குறைவாதலாற் சேதமுங் குறைவு. காற்றடிக்கும் நாளில் மட்டும் அதனை வெளியே எடுத்தலாகாது.

இப்போது செலவுக்கு வருவோம். வானலை விமானத்தின் செலவை நான்காகப் பிரிக்கலாம். கையிற் பிடிக்கும் செலுத்தி ஒன்று; பிள்ளைகள் இதனை றிமோட் என்பர். மோட்டர், அதன் வேகக் கட்டுப்படுத்தி, மடல்களை அசைக்கும் சேர்வோக்கள், சமிக்ஞையை ஏற்கும் வாங்கி ஆகிய உள்ளுறுப்புகள் இரண்டாவது. பற்றறியும் மின்னேற்றியும் மூன்றாவது. விமானத்தின் உடல் நான்காவது. இவற்றுள் அடிக்கடி அழிவது உடல் ஒன்றுதான். விபத்து நேர்ந்தால் உள்ளுறுப்புகளுட் பல பிழைத்துக்கொள்ளும். செலுத்தியோ நிலத்தில் உங்கள் கையிலேயே இருக்கிறது. விமானங்கள் பத்து உடைந்தாலும் அது உடையாது. ஆதலால், செலவிற் சிக்கனம் செய்யவேண்டிய இடம் உடல். சிக்கனம் செய்யக்கூடாத இடம் செலுத்தி.

பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். அழகான உடலைக் கண்டு மயங்கி, அதனோடு இணைத்துத் தரப்படும் எளிய செலுத்தியையும் வாங்கிவிடுகின்றனர். அச்செலுத்தி அந்த ஒரு விமானத்தோடு மட்டுமே பேசும். விமானம் உடைந்தால் அதுவும் பயனற்றுப் போகும். குறைந்தது நான்கு கட்டுப்பாடுகளும், முடிந்தால் ஆறும், பல விமானங்களின் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் ஆற்றலும் கொண்ட செலுத்தியை வாங்குங்கள். அது 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்குவதாக இருக்கட்டும். முன்னாளிற் பளிங்குத்துண்டு பொருத்திய செலுத்திகள் ஒரே மீடிறனில் இரண்டு இயங்கினால் ஒன்றையொன்று குழப்பிவிடும். இக்காலச் செலுத்தி தன் வாங்கியை அடையாளங்கண்டு அதனோடு மட்டுமே பேசும். பழைய செலுத்தியை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதற்குரிய வாங்கி இன்று கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

உடலை எதனாற் செய்வது? முன்பு பல்சா என்னும் மிக மெல்லிய மரத்தாலேயே மாதிரி விமானங்கள் ஆக்கப்பட்டன. அது பாரமற்றது, உறுதியானது, அழகானது. ஆயினும் விழுந்தாற் சிதறிவிடும். நமக்குப் பழக்கமான ரிஜிபோம் மலிவானது. எனினும் எளிதில் ஒடியும். இவற்றுக்கிடையே, வளைத்தால் வளைந்து விட்டால் நிமிரும் ஒருவகை நுரையுண்டு. பொலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்திக்கிலிருந்து ஆக்கப்படுவது அது. நிலத்தில் மோதினால் நசுங்கிப் பின் பழைய உருவத்தைப் பெறும். கரணம் பயில்பவனுக்கு இதைவிட உற்ற துணை வேறில்லை. அதுவும் கிடைக்காவிடில், இருபுறமும் தாள் ஒட்டிய நுரை அட்டையை வாங்கி வெட்டி ஒட்டலாம். பட்டம் கட்டப் பழகிய கை இதனை ஒரு வார இறுதியிற் செய்துவிடும். உடைந்த இடத்தை அன்று மாலையே ஒட்டி மறுநாட் காலை பறக்கவிடலாம். மலிவு என்பது வாங்கும் விலையில் மட்டும் இல்லை; விழுந்ததை மீண்டும் எழுப்புவதற்கு ஆகும் விலையிலும் உள்ளது. நூறு முறை விழுந்து நூறு முறை எழக்கூடிய விமானமே உண்மையில் மலிவான விமானம்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிகச் சிறிய விமானம் காற்றில் அலைக்கழியும். கண்ணுக்கும் விரைவில் மறையும். பெரிய விமானத்துக்கு மோட்டரும் பற்றறியும் பெரிதாக வேண்டும்; செலவு ஏறும்; மோதினால் ஆபத்தும் பெரிது. சிறகின் முழுநீளம் 80 சதமமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை இருப்பது முதற் கரண விமானத்துக்குப் பொருத்தம். ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். சிறகின் நீளம் 100 சதமமீற்றர், அகலம் 25 சதமமீற்றர் என்றாற் பரப்பு 2,500 சதுர சதமமீற்றர். விமானத்தின் முழுப்பாரம் 700 கிராம் என்றால், 100 சதுர சதமமீற்றருக்கு 28 கிராம் வீதம் சிறகு சுமக்கிறது. இந்த எண் எவ்வளவு குறைவோ, அவ்வளவு மெதுவாக விமானம் பறக்கும். அவ்வளவு எளிதாகக் கட்டுப்படும். இரண்டு விமானங்களுள் எதனை வாங்குவது என்று ஐயம் எழுந்தால் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள். விற்பவரின் புகழுரையை விட இது நம்பத்தக்கது.

மோட்டரின் வலிமையையும் இவ்வாறே சோதிக்கலாம். விமானத்தின் வாலை ஒரு கயிற்றாற் பாடசாலை ஆய்வுகூடத்து விற்றராசிற் கட்டி, விற்றராசை அசையாமற் பொருத்தி, மோட்டரை முழுவேகத்தில் ஓடவிடுங்கள். அது எத்தனை கிராம் அளவுக்கு இழுக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் காற்றாடிக்குப் பின்னாலேயே நிற்றல் வேண்டும். முன்னாலோ பக்கத்திலோ நிற்றல் கூடாது. இழுவிசை விமானத்தின் பாரத்தை விட அதிகமாயின் அது செங்குத்தாக ஏறும். குறைவாயினும் வட்டமிடவும் உருளவும் முடியும். ஆயின் முதலில் வேகம் சேர்க்கக் கீழ்நோக்கிப் பாயவேண்டியிருக்கும். பௌதிகப் பாடத்தில் விசை என்று எழுதிப் படித்த பிள்ளை, இங்கே அவ்விசையைத் தன் கண்ணாற் காண்கிறது.

பறக்கும் நேரமும் கணக்குக்கு உட்பட்டதே. 2,200 மில்லி அம்பியர் மணி என்று குறித்த பற்றறி, சராசரியாக 15 அம்பியர் மின்னோட்டத்தைக் கொடுத்தால் ஏறத்தாழ 9 நிமிடம் ஓடும். அதனை முழுவதும் வெறுமையாக்கலாகாது. ஐந்திற் நான்கு பங்கைப் பயன்படுத்தி 7 நிமிடத்தில் இறக்கிவிடுவதே முறை. இவ்வகை லிதியம் பற்றறிகள் பாரங் குறைந்தவை, வலிமை மிக்கவை. அதே வேளை எச்சரிக்கைக்குரியவை. அதற்கென அமைந்த மின்னேற்றியாலன்றி வேறெதனாலும் மின்னேற்றக் கூடாது. ஆளில்லாத அறையிலோ, இரவில் உறங்கும்போதோ மின்னேற்றக் கூடாது. வீங்கிய பற்றறியையும் குத்துண்ட பற்றறியையும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அது தீப்பற்றினால் எளிதில் அணையாது. சிக்கனத்தின் பேரால் பெயரறியாத மின்னேற்றி ஒன்றை வாங்குவது, வீட்டுக் கூரையைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

விமானம் தயாராகிவிட்டது. முதல் வேலை, அதன் சமநிலையைப் பார்ப்பது. பட்டத்துக்கு முச்சை எத்தகையதோ விமானத்துக்குப் புவியீர்ப்பு மையம் அத்தகையது. முச்சை சற்று மேலே போனாலும் கீழே போனாலும் பட்டம் குத்துக்கரணம் போடும் என்பது நம்மூர்ச் சிறுவன் அறியாததன்று. சிறகின் முன்னோரத்திலிருந்து அதன் அகலத்தின் நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான தூரம் வரையுள்ள இடத்தில் இரு விரல்களால் தாங்கினால், விமானம் சமமாக நிற்கவேண்டும். மூக்குப் பாரமாயின் மந்தமாகப் பறக்கும், வாற்பாரமாயின் கட்டுக்கடங்காது. பற்றறியை முன்னும் பின்னும் நகர்த்தியே இதனைச் சரிசெய்யலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இனிப் பறக்கக் கற்றல். இதற்கு முன் ஒருபோதும் விமானம் இயக்காதவன் கரண விமானத்தோடு தொடங்கலாகாது. கணினியிற் பயிலும் செயலிகள் உண்டு. செலுத்தியைக் கம்பி மூலம் கணினியோடு இணைத்து, திரையிலுள்ள விமானத்தைப் பறக்கவிட்டுப் பழகலாம். அங்கே எத்தனை முறை மோதினாலும் ஒரு ரூபாவும் நட்டமில்லை. விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருக்கும். நம்மை நோக்கி வரும்போது அவை மாறித் தோன்றும். தலைகீழாகப் பறக்கையில் மேலே ஏற்றும் அசைவு கீழே இறக்கும். இம்மாற்றங்கள் எண்ணிப் பார்த்துச் செய்யும் வேலையல்ல; விரல்களே அறிந்துகொள்ளவேண்டியவை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் விமானம் ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கிறது. 30 மீற்றர் உயரமான ஒரு நெடும்பனையின் தலையளவில் அது தடுமாறி அவ்வேகத்தோடு கீழ்நோக்கினால், நிலத்தைத் தொட மூன்று செக்கன் கூட ஆகாது. இரு பனை உயரத்திற் கரணம் பயில்க. ஒரு பனை உயரத்திற் பயிலற்க. முதலில் வட்டம், அடுத்து உருளல், பின்னர் செங்குத்துத் திருப்பம், கடைசியிற் தலைகீழ்ப் பறப்பு என்பதே ஏற்ற வரிசை. புதிய விமானங்கள் சிலவற்றில் தடுமாற்றத்தைத் தானே திருத்தும் சுழிகாட்டிக் கருவி உண்டு. தொடக்கத்தில் அது நல்ல துணை. அதனை நிறுத்திவைக்கும் வசதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஊன்றுகோலை விடமுடியாதவன் ஓடப் பழகுவதில்லை.

பறக்கும் காலமும் இடமும் நமக்கு வாய்த்திருக்கின்றன. பட்டத்துக்கு மார்கழியிலும் தையிலும் வீசும் வாடைக்காற்று வேண்டும். மாதிரி விமானத்துக்கோ காற்றடங்கிய வேளை வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களின் விடியற்காலை அதற்கு ஏற்றது. அறுவடை முடிந்த வயல்வெளி அந்நாட்களில் வெறுமையாகக் கிடக்கும். அரிதாளின்மேல் விழுந்தால் விமானத்துக்கு அடி அதிகம் படாது. வைகாசியிற் சோளகம் பலமாக வீசத் தொடங்கினால் விமானத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கலாம். மின்கம்பிகள், வீதி, மேயும் மாடுகள், வேலை செய்யும் மக்கள் ஆகியவற்றுக்கு அருகில் எக்காலத்தும் பறக்கவிடலாகாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய நிலத்தினுள் விமானம் விழுந்தால் அதனை அங்கேயே விட்டுவிடுங்கள். விமானம் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

சட்டத்தையும் மறக்கலாகாது. ஆளில்லாது பறக்கும் எப்பொருளும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு அமையவே பறத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடுவது நாடு முழுவதும் சிலகாலம் நிறுத்திவைக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். விமான நிலையத்தையும் பாதுகாப்புத் தரப்பினரின் இடங்களையும் அண்டி வாழும் நாம் மற்றவர்களை விட ஒருபடி கூடுதலாகவே கவனமாக இருத்தல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் செலுத்தியையோ விமானத்தையோ அனுப்பச் சொல்வதற்கு முன்னரே, அதனை இறக்குவதற்கும் பறக்கவிடுவதற்கும் எந்த அனுமதி தேவை என்பதை விசாரித்து எழுத்தில் அறிந்துகொள்ளுங்கள். சுங்கத்தில் தேங்கிக் கிடக்கும் விமானத்தைப் போல விலைகூடிய விமானம் வேறில்லை. பொலிசாருக்கும் அயலவர்க்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது. நாம் விளையாட்டாகக் கருதும் ஓசை இன்னொருவருக்குப் பழைய நினைவொன்றை எழுப்பக்கூடும்.

இவ்வளவும் கேட்ட ஒரு தந்தை, மலிவு என்று தொடங்கிச் செலவுப் பட்டியலை நீட்டிவிட்டீரே என்று கேட்கலாம். அவருக்கு எனது விடை இது. இவ்விளையாட்டுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு செலுத்தி தேவையில்லை. ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று போதும். ஒரு செலுத்தி, ஒரு மின்னேற்றி, ஒரு தொகுதி உள்ளுறுப்புகள் ஆகியவற்றைப் பாடசாலை விஞ்ஞான மன்றமோ ஊர்ச் சனசமூக நிலையமோ வாங்கிவைத்தால், உடலைப் பிள்ளைகள் தாமே செய்துகொள்வர். வல்வெட்டித்துறைப் பெரும்பட்டங்களும் தனியொருவனால் ஏற்றப்படுவனவல்லவே? ஒருவன் தூக்கிப் பிடிக்க, பலர் நூலை இழுக்க, இன்னொருவன் காற்றை அறிந்து சொல்ல, அவ்வாறுதானே அவை வானேறுகின்றன! அந்தக் கூட்டுறவை இங்கும் கொண்டுவரலாம். அக்கூட்டத்தில் பெண்பிள்ளைகளுக்கும் சம இடம் அளிக்கவேண்டும். சேர்வோவின் கம்பியைப் பற்றவைக்கும் கைக்கு ஆண் பெண் என்ற பேதம் இல்லை.

பரீட்சைக்கு இது இடையூறு என்று அஞ்சும் பெற்றோரும் உளர். காலையில் ஒரு தனியார் வகுப்பு, பாடசாலை முடிந்ததும் இன்னொரு வகுப்பு என்று ஓடும் நமது பிள்ளைகள், தாம் படித்தது உண்மையா என்று தம் கையாற் சோதித்துப் பார்க்க வாரத்தில் ஒரு மணிநேரமாவது பெறுகிறார்களா? விசை, திருப்பம், மின்னோட்டம், சமநிலை என்று கொப்பியில் எழுதுகிறார்கள். அவற்றில் ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொண்டாற் பரீட்சையில் இரண்டு புள்ளிகள் போகும். விமானத்தில் அது வயலிலே மூக்குக் குத்தி நிற்கும். பிள்ளை அதனை எடுத்துவந்து, ஏன் விழுந்தது என்று தேடி, ஒட்டி, மறுபடியும் ஏற்றும். விழுந்ததற்கு வெட்கப்படாமற் காரணம் தேடும் அப்பழக்கம் ஒரு தலைமுறைக்கு வாய்க்குமானால், நாம் கொடுத்த விலை சிறிதே.

ஆகவே நேயர்களே, சுருங்கச் சொன்னால் இவ்வளவே. சிறகு மடல் உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். நல்ல செலுத்தியை ஒருமுறை வாங்குங்கள். உடலை நுரையால், வீட்டிலேயே, பாரமின்றிச் செய்யுங்கள். முதலிற் பயிலும் விமானம், பின்னரே கரண விமானம் என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள். அனுமதியைப் பெற்று, காற்றடங்கிய காலையில், ஆளில்லா வெளியில், இரு பனை உயரத்தில் பறக்கவிடுங்கள். விமானம் வட்டமிட்டு நேராகும் அந்தக் கணத்தில், அருகே நிற்கும் தாயும் தந்தையும் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பார்களாயின், அதுவே இவ்வளவு முயற்சிக்கும் போதிய பயன்.